அக்கூஸ்டிக் கிட்டாரில் ஒரு ராக் பாலட்: ட்யூனிங்கிலிருந்து முழுப் பாட்டு வரை

நாலைந்து கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்கத் தெரியும். ஆனால் ஒரு பாட்டையாவது முதலிலிருந்து கடைசி வரை நிற்காமல் வாசித்திருக்கிறீர்களா என்று கேட்டால் பதில் வராது. கிட்டார் வாங்கிச் சில மாதம் ஆன பலர் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதியது இது. கார்டே தெரியாதவர்களும் பின்பற்றலாம். 5-வது படியில் கூடுதலாகச் சில வாரம் ஆகும், அவ்வளவுதான்.

எடுத்துக்கொண்ட பாட்டு, கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் ‘பேஷன்ஸ்’. 1988-ல் வெளியான பதிவு. மூன்று அக்கூஸ்டிக் கிட்டார், குரல், தொடக்கத்தில் விசில். டிரம்ஸ் கிடையாது. சரணமும் பல்லவியும் ஐந்தே கார்டில் முடிந்துவிடும்; ஒரு விரலைப் படுக்கவைத்து எல்லாக் கம்பியையும் அழுத்தும் பார் கார்டு ஒன்றுகூட இல்லை.

டிரம்ஸ் இல்லை என்பதைக் கவனியுங்கள். தாளத்தை நடத்திக்கொண்டு போவது கிட்டாரின் வலது கைதான். புதிதாகப் படிப்பவர்களோ கண்ணையும் கவனத்தையும் இடது கையிலேயே வைத்திருப்பார்கள். அதனால்தான் கீழே வலது கை முன்னாலும் கார்டு பின்னாலும் வருகின்றன. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். (இடது கை என்று நான் சொல்வது கம்பியை அழுத்தும் கையை. இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

1. முதலில் கிட்டாரைச் சோதியுங்கள்

ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் வேண்டும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரிலும் பழகலாம், ஆனால் ஸ்ட்ரம்மிங்கில் (கம்பிகளை ஒருசேர வருடி அடிப்பதில்) அந்தக் கணீர் சத்தம் வராது. நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பியை மாற்றிப் போடலாமே என்று மட்டும் யோசிக்காதீர்கள். ஸ்டீல் கம்பியின் இழுவையை அந்த உடம்பு தாங்காது. பிரிட்ஜ் (கம்பிகளை உடம்போடு பிடித்திருக்கும் கட்டை) பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

அடுத்தது கம்பியின் உயரம். 12-வது ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல்பகுதிக்கும் கம்பியின் அடிப்பகுதிக்கும் நடுவே ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். தடித்த ஆறாவது கம்பியில் 2.5 மில்லிமீட்டர், மெல்லிய முதல் கம்பியில் 2 மில்லிமீட்டர் என்ற அளவில் இருந்தால் நல்லது. 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் விலை குறைந்த கிட்டாருக்கும் செட்டப் (கம்பி உயரத்தைச் சரிசெய்யும் வேலை) செய்துகொள்ளுங்கள், செலவைப் பார்க்காதீர்கள். ‘என் விரலுக்கு இது சரிப்பட்டு வராது’ என்று கிட்டாரைப் பரணில் போட்டவர்களில் பலருக்குக் கோளாறு விரலில் இல்லை, கிட்டாரில்தான்.

கம்பி செட்டில் 10, 11, 12 என்று சொல்வது முதல் கம்பியின் தடிமன்; 12 என்றால் 0.012 அங்குலம். நான் 11 போடச் சொல்வேன். 12 புது விரலுக்குக் கடினம். 10 லேசுதான், ஆனால் இந்தப் பாட்டுக்கு ட்யூனிங்கைக் கீழே இறக்கப் போகிறோம். இறக்கியதும் 10 தொளதொளவென்று ஆகி ஃப்ரெட்டில் இடித்துக் கரகரக்கும்.

கடலோர ஊர்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் ஒரு காய்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்துவிடுங்கள். துருப்பிடித்த கம்பி விரலையும் கிழிக்கும், சுருதியிலும் நிற்காது.

பிக் (கம்பியை அடிக்கும் சிறு வில்லை) 0.6-லிருந்து 0.73 மில்லிமீட்டர் வரை. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்தது கை மேலே வரும்போது கம்பியில் மாட்டும். இவை தவிர சுருதியைக் காட்டும் ஒரு ட்யூனர், தாளத்தைச் சீராகத் தட்டிக் காட்டும் ஒரு மெட்ரோனோம் (இரண்டுமே ஃபோனில் கிடைக்கும்), கைப்பிடி இல்லாத நாற்காலி. சோஃபாவில் சாய்ந்துகொண்டு பழகினால் மணிக்கட்டு மடங்கிக்கொள்ளும்.

2. எல்லாக் கம்பியையும் அரைக்கட்டை இறக்குங்கள்

பதிவில் கிட்டார்கள் வழக்கமான ட்யூனிங்கிலிருந்து அரைக்கட்டை (ஒரு ஃப்ரெட் அளவு) கீழே இருக்கின்றன. இது தெரியாமல் வழக்கமான ட்யூனிங்கில் பாட்டோடு சேர்ந்து வாசித்தால், சரியான கார்டும் தப்பாகக் கேட்கும். வாசிப்பவர் தன் விரலைச் சந்தேகப்படுவார், கார்டை மாற்றிப் பார்ப்பார், நெட்டில் வேறு டேப் (விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு) தேடுவார். ட்யூனிங்கைச் சரிபார்க்கும் யோசனை கடைசியில்தான் வரும்.

கேப்போவால் (கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பியையும் அழுத்தும் கிளிப்) இதைச் செய்ய முடியாது. கேப்போ சுருதியை ஏற்றத்தான் செய்யும், இறக்காது.

ட்யூனரில் இங்கே ஒரு சின்னக் குழப்பம் வரும். பெரும்பாலான செயலிகள் கிட்டார் மோடில் இருக்கும். நீங்கள் எவ்வளவு சரியாக இறக்கினாலும் ‘இன்னும் ஏற்று’ என்றே சொல்லும். எல்லாச் சுரத்தையும் காட்டும் குரோமாட்டிக் மோடுக்கு மாற்றுங்கள். ஆறாவது கம்பியிலிருந்து முதல் கம்பி வரை திரையில் இப்படி வர வேண்டும்: டி ஷார்ப், ஜி ஷார்ப், சி ஷார்ப், எஃப் ஷார்ப், ஏ ஷார்ப், டி ஷார்ப். பாட்டுத் தாள்களில் இதையே ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட் என்று எழுதியிருப்பார்கள். சத்தம் ஒன்றுதான், பெயர்தான் இரண்டு. எண்ணைக் காட்டும் ட்யூனர் என்றால், ஆறாவது கம்பி 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 77.8-க்கும் முதல் கம்பி 329.6-லிருந்து 311.1-க்கும் வர வேண்டும்.

முறுக்கும்போது கம்பியைத் தட்டிக்கொண்டே இருங்கள்; சத்தம் இறங்க வேண்டும். ஏறினால் உடனே நிறுத்துங்கள். தப்பான பக்கம் முறுக்கி ‘டி ஷார்ப்’ எப்போது வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தால், அதற்கு ரொம்ப முன்னாலேயே முதல் கம்பி அறுந்துவிடும்.

வேண்டிய சுருதிக்குக் கொஞ்சம் கீழே போய், அப்புறம் மேலே ஏற்றி நிறுத்துங்கள். கீழே வரும் வழியிலேயே நிறுத்தினால் சாவியின் பல்சக்கரத்தில் மிச்சமிருக்கும் தளர்வு, நாலு ஸ்ட்ரம்முக்குள் கம்பியை இன்னும் இறக்கிவிடும். ஆறு கம்பியும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று பாருங்கள். மொத்த இழுவை குறைந்ததால் கிட்டாரின் உடம்பும் கழுத்தும் லேசாக நகர்ந்திருக்கும். முதலில் சரிசெய்த கம்பிகள் மாறியிருக்கும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. அரைக்கட்டை இறக்கினால் கம்பியின் இழுவை ஏறக்குறைய 11 சதவீதம் குறைகிறது. விரலுக்கு அவ்வளவு வலி மிச்சம். வேறு பாட்டு வாசிக்க வழக்கமான சுருதி தேவைப்பட்டால் திரும்ப முறுக்க வேண்டாம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் போதும்.

3. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டைக் கேளுங்கள்

கேட்டுக்கொண்டே நாலு நாலாகத் தட்டுங்கள். கார்டு எங்கே மாறுகிறது என்பது இரண்டு மூன்று தடவை கேட்டால் பிடிபடும். அதை ஒரு காகிதத்தில் எழுதுங்கள்.

சரணம்: சி, ஜி, ஏ, டி. அடுத்த வரி: சி, ஜி, டி. இந்தக் கடைசி டிக்கு இரண்டு மடங்கு நேரம், அதாவது எட்டு எண்ணிக்கை. மற்றவற்றுக்கு நாலு நாலு. இந்த இரண்டு வரியும் இன்னொரு முறை வந்தால் ஒரு சரணம் முடிந்தது.

பல்லவி: சி, ஜி, சி, ஈ மைனர். அடுத்த வரி: சி, ஜி, டி. இங்கேயும் டிக்கு எட்டு. இதுவும் இரண்டு முறை.

சரணம், பல்லவி, சரணம், பல்லவி, அப்புறம் கிட்டார் சோலோ, அப்புறம் நீண்ட முடிவு. முன்னால் விசில் வரும் பகுதி. பழக வேண்டியது நடுவில் உள்ள அந்த நான்கு பகுதிகளை மட்டும். அவை வந்துவிட்டால் பாட்டின் எலும்புக்கூடு கைக்கு வந்த மாதிரி. சோலோவையும் முடிவையும் இப்போதைக்குத் தொட வேண்டாம்.

காகிதத்தில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நடுவில் நின்றுபோகிறவர்களில் பலருக்கு விரல் தடுமாறியிருக்காது. அடுத்து எந்தக் கார்டு என்று யோசிக்கும் அந்த அரை நொடியில்தான் கை நின்றிருக்கும்.

4. கார்டு பிடிக்காமல் வலது கையை ஓட்டுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக எல்லோருக்கும் அவசரம். தாண்டாதீர்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

இடது கை விரல்கள் நாலையும் கம்பிகள் மேல் தட்டையாக, லேசாகப் படியவிடுங்கள், அழுத்த வேண்டாம். ஒரு விரலை மட்டும் வைத்தால் 5, 7, 12-வது ஃப்ரெட்டுகளுக்கு நேரே மணியடிப்பது போன்ற கூரிய ஒலி வரும், அதனால்தான் நாலும். இப்போது ஸ்ட்ரம் செய்தால் ‘சக் சக்’ என்று மட்டும் கேட்கும். நமக்கு வேண்டியது அதுதான். சுரம் எதுவும் கவனத்தை இழுக்காது.

மெட்ரோனோமை 60-ல் (நிமிடத்துக்கு 60 தட்டு) வையுங்கள். வாயால் எண்ணுங்கள்: ஒன்-அண்ட்-டூ-அண்ட்-த்ரீ-அண்ட்-ஃபோர்-அண்ட். எண்ணுக்குக் கை கீழே, ‘அண்ட்’டுக்குக் கை மேலே. எட்டு அசைவு, ஒன்றுகூட விடாமல். தையல் மெஷின் ஊசி கீழே துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறி இறங்குகிற மாதிரி, கம்பியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் கை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி அந்த எட்டில் இரண்டு அசைவைக் கம்பியில் படாமல் விடப்போகிறோம்:

ஒன்: கீழே அடி. அண்ட்: படாமல் மேலே.
டூ: கீழே அடி. அண்ட்: மேலே அடி.
த்ரீ: படாமல் கீழே. அண்ட்: மேலே அடி.
ஃபோர்: கீழே அடி. அண்ட்: மேலே அடி.

பதிவில் உள்ள மூன்று கிட்டாரில் ஒன்றின் அச்சு நகல் இல்லை இது. ஆனால் பாட்டு முழுவதற்கும் பொருந்தும், வேறு பல பாலட்டுகளுக்கும் உதவும்.

தடுமாறுவது எப்போதும் ‘த்ரீ’யில்தான். அங்கே அடி இல்லை என்பதால் கையையே நிறுத்திவிடுவார்கள். நின்ற கை அடுத்த மேல் அடிக்கு எங்கிருந்து கிளம்புவது என்று தெரியாமல் சீக்கிரமோ தாமதமாகவோ வரும். ஃபோனில் உங்கள் வலது கையை மட்டும் வீடியோ எடுத்துச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். கை ஒரே சீராக ஆடுவது போலத் தெரிய வேண்டும். எது அடி, எது வெற்று வீச்சு என்று கண்ணுக்கு எளிதில் பிடிபடக் கூடாது.

இன்னும் இரண்டு. அசைவு மணிக்கட்டிலும் முன்கையிலும் இருக்கட்டும், தோளில் வேண்டாம். மேலே வரும்போது ஆறு கம்பியையும் வாரிக்கொண்டு வர வேண்டியதில்லை. மெல்லிய இரண்டு மூன்று கம்பியில் பட்டால் போதும். ஆறையும் வாரினால் மேல் அடியும் கீழ் அடியும் ஒரே கனமாகி, ஒன் எங்கே என்பதே கேட்பவருக்குத் தெரியாது.

5. ஐந்து கார்டு, எந்த விரல் என்பதுதான் விஷயம்

கார்டுப் படங்களில் கறுப்புப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்து, தோதான விரலை வைத்துவிடுவது வழக்கம். அந்த ஒரு கார்டுக்கு அது சரியாகவே ஒலிக்கும். அடுத்த கார்டுக்குப் போகும்போதுதான் விரல்கள் பின்னிக்கொள்ளும். கீழே சொல்லும் விரல்கள் எல்லாம் அடுத்த கார்டை மனதில் வைத்துச் சொல்பவை.

சி: மோதிர விரல் 5-வது கம்பி 3-வது ஃப்ரெட், நடுவிரல் 4-வது கம்பி 2-வது ஃப்ரெட், ஆள்காட்டி 2-வது கம்பி 1-வது ஃப்ரெட்.

ஜி: மோதிர விரல் 6-வது கம்பி 3-வது ஃப்ரெட், நடுவிரல் 5-வது கம்பி 2-வது ஃப்ரெட், சுண்டுவிரல் 1-வது கம்பி 3-வது ஃப்ரெட். சியில் இருந்த மோதிர விரலும் நடுவிரலும் அதே உருவத்தில் ஒரு கம்பி தள்ளிப் போகின்றன, பாருங்கள். ஜியை நடுவிரல், ஆள்காட்டி, மோதிர விரலால் பிடிக்கப் பழகியவர்களுக்கு இந்த வசதி கிடையாது. சுண்டுவிரல் முதலில் நடுங்கும், சண்டித்தனம் செய்யும். பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏ: 2-வது ஃப்ரெட்டில் மூன்று விரல். நடுவிரல் 4-வது கம்பி, ஆள்காட்டி 3-வது கம்பி, மோதிர விரல் 2-வது கம்பி. பல படங்களில் ஆள்காட்டி 4-லும் நடுவிரல் 3-லும் இருக்கும். நாம் மாற்றி வைப்பது அடுத்து வரும் டிக்காக.

டி: ஆள்காட்டி 3-வது கம்பி 2-வது ஃப்ரெட், நடுவிரல் 1-வது கம்பி 2-வது ஃப்ரெட், மோதிர விரல் 2-வது கம்பி 3-வது ஃப்ரெட். ஏயிலிருந்து வரும்போது ஆள்காட்டி அசையவே வேண்டாம். மோதிர விரல் அதே கம்பியில் ஒரு ஃப்ரெட் சறுக்குகிறது. நடுவிரல் ஒன்றுதான் இடம் மாறுகிறது.

ஈ மைனர்: ஆள்காட்டி 5-வது கம்பி 2-வது ஃப்ரெட், நடுவிரல் 4-வது கம்பி 2-வது ஃப்ரெட். பல்லவியில் சியிலிருந்து இதற்கு வந்து மறுபடி சிக்கே போகிறோம். நடுவிரல் இரண்டு கார்டிலும் ஒரே இடம், எடுக்கவே கூடாது.

அடிக்கக் கூடாத கம்பிகளும் உண்டு. சியிலும் ஏயிலும் 6-வது கம்பி வேண்டாம், டியில் 6-ம் 5-ம் வேண்டாம். சியில் மோதிர விரலின் நுனி 6-வது கம்பியை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் தப்பி அடி பட்டாலும் சத்தம் வராது.

ஒவ்வொரு கார்டையும் பிடித்துக் கம்பி கம்பியாகத் தட்டிப் பாருங்கள். ‘டப்’ என்று அடைத்தால் பக்கத்து விரலின் சதை படுகிறது. சியில் முதல் கம்பி அடைப்பதற்கு ஆள்காட்டி சாய்ந்து கிடப்பதுதான் காரணம். விரல் நுனியில் நிமிர்ந்து நிற்கட்டும். ‘ஜ்ஜ்’ என்று இரைந்தால் விரல் ஃப்ரெட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல், அதன் பின்னால் அழுத்தினால் பாதி பலமே போதும். இடது கை நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இதில் எதுவும் நடக்காது.

விரல் நுனி எரிவது சில வாரத்தில் அடங்கும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காருவதைவிடக் காலையில் கால் மணி, மாலையில் கால் மணி என்று பிரித்தால் தோல் ஒழுங்காகக் காய்ப்பேறும். குளித்துவிட்டு உடனே வாசிக்காதீர்கள், ஊறிய தோல் கிழியும். மணிக்கட்டிலோ கட்டைவிரல் அடியிலோ வலித்தால் அது வேறு சங்கதி. பொறுத்துக்கொள்ளாமல் நிறுத்திவிட்டு, உட்காரும் விதத்தையும் கழுத்தைப் பிடிக்கும் பலத்தையும் பாருங்கள்.

6. மாற்றங்களை ஜோடி ஜோடியாகப் பிரியுங்கள்

முழு வரிசையையும் திரும்பத் திரும்ப வாசித்தால், ஏற்கெனவே வரும் மாற்றங்கள் இன்னும் நன்றாக வரும். வராதது வராமலே இருக்கும். அதனால் ஜோடி. இந்தப் பாட்டில் எளிதிலிருந்து கடினம் என்று போனால்: ஏ–டி, சி–ஈ மைனர், சி–ஜி, ஜி–ஏ, ஜி–டி, டி–சி.

ஒரு நிமிட அலாரம் வையுங்கள். ஏ, டி, ஏ, டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் அடி. எத்தனை மாற்றம் வந்தது என்று எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இலக்கு 30. சும்மா சொன்ன எண் இல்லை அது: மெட்ரோனோம் 120-ல் ஓடும்போது ஒரு கார்டுக்கு நாலு எண்ணிக்கை என்றால், நிமிடத்துக்குச் சரியாக 30 மாற்றம் வேண்டும். 60-ல் ஓடினால் 15 போதும். ஆகவே 15 வந்ததுமே அடுத்த படியைத் தொடங்கிவிடலாம்.

டியிலிருந்து சிக்குப் போவதுதான் எல்லோரையும் படுத்துவது. மூன்று விரலும் எழும்ப வேண்டும், பொதுவான இடம் ஒன்றும் இல்லை. பெரும்பாலானோர் ஆள்காட்டியை முதலில் வைப்பார்கள், அதுதான் சுலபம் என்பதால். தலைகீழாகச் செய்யுங்கள்: மோதிர விரலை முதலில் 5-வது கம்பிக்கு அனுப்புங்கள். கை கீழே வரும்போது முதலில் படுவது தடித்த கம்பிதானே. அது சரியாக ஒலித்துவிட்டால், மற்ற இரண்டு விரலும் இமைக்கும் நேரம் தாமதமாக வந்தாலும் காது மன்னித்துவிடும்.

ஜி–ஏயில் நடுவிரல் 5-வது கம்பியிலிருந்து 4-வதுக்கு ஒரு கம்பிதான் நகர்கிறது. அதை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கூட்டி வாருங்கள்.

மாற்றும்போது விரலை எவ்வளவு தூக்குகிறீர்கள் என்று கவனியுங்கள். கம்பிக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே போனால் போதும். மூன்று அங்குலம் பறந்து இறங்கும் விரல்தான் நேரத்தைத் தின்கிறது.

7. இரண்டு கையையும் சேர்க்கும்போது ஒரே விதி

விரல் வந்து சேராவிட்டாலும் வலது கை நிற்கக் கூடாது. அவ்வளவுதான் விதி.

மெட்ரோனோம் 60. முதலில் ஒவ்வொரு கார்டுக்கும் ‘ஒன்’னில் மட்டும் ஓர் அடி, மீதி மூன்று எண்ணிக்கையில் அடுத்த கார்டைத் தயார்செய்யுங்கள். அப்புறம் ஒன்னிலும் த்ரீயிலும். அப்புறம் நாலிலும். கடைசியில்தான் 4-வது படியில் பழகிய முழு அடி.

முழு அடிக்கு வந்ததும் இதைச் செய்து பாருங்கள்: கடைசி ‘அண்ட்’டில் வரும் மேல் அடியின்போது இடது கையை எடுத்துவிடுங்கள். அந்த அடி வெறும் கம்பிகளில் விழும். தப்பாகக் கேட்குமே என்று பயப்பட வேண்டாம்; நல்ல வாசிப்பாளர்களின் கையைக் கூர்ந்து கேட்டால் இந்த வெற்றுக் கம்பி அடி நிறைய இடத்தில் இருக்கும். அந்த அரை எண்ணிக்கைதான் விரல்கள் இடம் மாறக் கிடைக்கும் நேரம். இதைச் சொல்லாமல் விட்டால், புதியவர் கடைசி அடிவரை கார்டை இறுகப் பிடித்திருந்து, அப்புறம் அவசரமாக மாற்றி, ஒவ்வொரு ‘ஒன்’னிலும் தாமதமாகவே வந்து சேருவார்.

தவறினால் திரும்பப் போய் அந்தக் கார்டைச் சரிசெய்யும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். தப்புக் கார்டோடு சரியான நேரத்தில் போனால் கேட்பவர் பல சமயம் கவனிக்கவே மாட்டார். சரியான கார்டுக்காக நின்றால் எல்லோரும் கவனிப்பார்கள்.

மூன்று முறை தொடர்ந்து சுத்தமாக வந்தால் வேகத்தை ஐந்து கூட்டுங்கள். சிதறினால் பத்து குறைத்து மறுபடி.

8. பதிவோடு சேர்ந்து வாசியுங்கள்

வீடியோ பிளேயரில் வேகத்தை 0.75-க்குக் குறைத்தாலும் சுருதி மாறாது, அதில் தொடங்குங்கள். இங்கேயும் முதலில் ‘ஒன்’னில் மட்டும் அடி. பாட்டின் அமைப்பு உடம்பில் ஏறிய பிறகு முழு அடி.

வரியின் கடைசியில் வரும் எட்டு எண்ணிக்கை டியில் கவனம் தேவை. நாலு முடிந்ததும் கை தானாகச் சிக்கு ஓடும். ‘டீ... இன்னொரு டீ’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சிரிப்பு வந்தாலும்.

பதிவு இல்லாமல் தனியாக வாசித்து ஃபோனில் ரெக்கார்டு செய்து, மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் கையின் நினைவு காதை ஏமாற்றிவிடும். பெரும்பாலும் பல்லவியில் வேகம் கூடியிருக்கும். சத்தத்தைக் கூட்டும்போது வேகமும் சேர்ந்து ஏறுவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு.

9. சரணத்தை மெல்ல, பல்லவியை விரித்து

ஒரே சத்தத்தில் ஐந்து நிமிடம் ஸ்ட்ரம் செய்தால் யாரும் கேட்க மாட்டார்கள். சரணத்தில் ஆர்பெஜியோ (கார்டைப் பிடித்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டுவது), பல்லவியில் ஸ்ட்ரம்மிங் என்று பிரிப்பது எளிய வழி. எட்டு அசைவுக்கு எட்டுத் தட்டு, இந்தக் கம்பி வரிசையில்: பேஸ் (கார்டின் தடித்த கம்பி), 3, 2, 3, 1, 3, 2, 3. பேஸ் கம்பி ஜிக்கு 6, சிக்கும் ஏக்கும் 5, டிக்கு 4. பிக்கோடே எடுக்கலாம், விரலால் எடுத்தால் இன்னும் மென்மை.

ஆர்பெஜியோ கை வராவிட்டால் சரணத்தில் கையைக் கழுத்துப் பக்கம் நகர்த்தி மெல்ல அடியுங்கள், பல்லவியில் பிரிட்ஜ் பக்கம் கொண்டுவாருங்கள். கழுத்தருகே கம்பி இதமாகவும் பிரிட்ஜருகே கூர்மையாகவும் ஒலிக்கும்.

10. பாடுவது

முதலில் ஸ்ட்ரம்மோடு முனகுங்கள். அப்புறம் வார்த்தைகளைப் பேசுகிற மாதிரி தாளத்தில் சொல்லுங்கள். கடைசியில் பாடுங்கள். நேராகப் பாடப் போனால், வாய் நிற்கிற இடத்தில் எல்லாம் கையும் நிற்கும்.

உயரம் எட்டவில்லை என்றால் உருவங்களை மாற்றுங்கள். சரணத்துக்கு ஜி, டி, ஈ, ஏ. அடுத்த வரிக்கு ஜி, டி, ஏ. பல்லவிக்கு ஜி, டி, ஜி, பி மைனர். அப்புறம் ஜி, டி, ஏ. இது மூலத்தைவிட இரண்டரைக் கட்டை கீழே. அவ்வளவு இறக்கம் வேண்டாமென்றால் 2-வது ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள், ஒன்றரைக் கட்டை கீழே நிற்கும். பி மைனரைப் பாராகப் பிடிக்க வராதவர்கள் பி மைனர் செவன்த் வைத்துக்கொள்ளலாம்: 5, 3, 1-வது கம்பிகளில் 2-வது ஃப்ரெட், 4-ம் 2-ம் வெறுமனே, 6-வதை அடிக்கக் கூடாது.

11. இரண்டு பேர் இருந்தால்

ஒருவர் சியில் தொடங்கும் மூல வரிசையை ஸ்ட்ரம் செய்யட்டும். மற்றவர் 5-வது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, 10-வது படியில் சொன்ன, ஜியில் தொடங்கும் வரிசையை ஆர்பெஜியோவாக வாசிக்கட்டும். சுருதி ஒன்றேதான், ஆனால் இரண்டாவது கிட்டார் மேலே மின்னும். ஒருவர் இரண்டு கிட்டார் வாசிப்பது போன்ற ஒட்டு வர வேண்டுமானால் ‘ஒன்’ இரண்டு பேருக்கும் ஒன்றாக விழ வேண்டும். ஸ்ட்ரம் செய்பவரின் கையைப் பார்த்து மற்றவர் போகட்டும், இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தால் வேகம் தேய்ந்துகொண்டே போகும்.

கேப்போ போட்டவர் போட்ட பிறகு இன்னொரு முறை ட்யூனரைப் பார்க்க வேண்டும். கேப்போவின் அழுத்தம் கம்பிகளைச் சற்றே மேலே ஏற்றிவிடும். தனியாக வாசிக்கும்போது தெரியாது, பக்கத்தில் இன்னொரு கிட்டார் இருந்தால் முதல் கார்டிலேயே தெரிந்துவிடும்.